இரண்டு ஆட்டுக்கடாக்களும் ஒரு சிலுவையும்



ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி, ஓராண்டுக்குள் வேதாகமத்தை வாசித்து முடிப்பதென்று நம் வீடுகளில் பலர் தீர்மானம் எடுக்கிறார்கள். ஆபிரகாம், யோசேப்பு, மோசே என்று கதை ஓடும்வரை வாசிப்பும் ஓடுகிறது. லேவியராகமம் வந்ததும் நின்றுபோகிறது. கொழுப்பு, குண்டிக்காய், இரத்தம், சாம்பல் என்று அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டால், எல்லாம் கிறிஸ்துவுக்கு நிழல் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு எபிரெயர் நிருபத்துக்குத் தாவிவிடுகிறோம்.

அந்த ஒரு வரியை மறுக்க நான் இங்கே வரவில்லை. என் விசுவாசமே அதன்மேல்தான் நிற்கிறது. ஆனால் பலியிட்டவர்கள் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று பாராமல் சிலுவையைப் பலி என்று சொன்னால், சிலுவையைப் பற்றியே தவறாகச் சொல்ல நேர்கிறது. யூதர்களைப் பற்றி அதைவிடத் தவறாகச் சொல்ல நேர்கிறது. இரண்டும் திருச்சபையின் வரலாற்றில் நடந்திருக்கின்றன. இன்று நான் பேச வந்தது இதைத்தான்.

முதலில் எருசலேம் ஆலயத்துக்குள் போவோம். கி.பி. 200ஆம் ஆண்டையொட்டித் தொகுக்கப்பட்ட யூத மரபுத் தொகுப்பான மிஷ்னாவில் யோமா என்றொரு பகுதி இருக்கிறது. ஆலயத்தை ரோமர்கள் கி.பி. 70இல் எரித்துவிட்டார்கள். அதற்குப் பின் நூறாண்டுக்கு மேல் கழிந்தும், பாவநிவிர்த்தி நாளில் யார் எங்கே நின்றார், எந்தக் கையில் எதைப் பிடித்தார் என்பது மறந்துபோகக் கூடாதென்று ரபிகள் அதில் பதிந்து வைத்தார்கள். பிரதான ஆசாரியன் ஏழு நாள் முன்பே வீட்டைவிட்டு ஆலயத்துக்கு வந்துவிடுவார். முந்தைய இரவு அவர் தூங்கக் கூடாது. கண் அயர்ந்தால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி எழுப்புவார்கள், குளிர்ந்த தரையில் நிற்கச் சொல்வார்கள். அன்று ஒரு நாளில் மட்டும் ஐந்து முறை முழுக்கு.

காளை அறுக்கப்படுகிறது. அது மக்களுக்காக அன்று, ஆசாரியனுக்காகவும் அவன் வீட்டாருக்காகவும். அதன் இரத்தத்தைக் கலத்தில் ஏந்தி இன்னொருவரிடம் கொடுக்கிறார். அவர் அதை விடாமல் கலக்கிக்கொண்டே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உறைந்துவிடும். இதற்குள் பிரதான ஆசாரியன் வலக்கையில் நெருப்புத் தணலும் இடக்கையில் தூபவர்க்கமுமாக மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைகிறார். உள்ளே புகை நிறைகிறது. வெளியே வந்து சிறிய ஜெபம் ஒன்று செய்கிறார். நீட்டி ஜெபித்தால் வெளியே காத்திருக்கும் மக்கள் அவருக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பதறுவார்களாம். பிறகு இரத்தத்தை வாங்கிக்கொண்டு மறுபடியும் உள்ளே போகிறார். மேல்நோக்கி ஒரு முறை, கீழ்நோக்கி ஏழு முறை, வாய்விட்டு எண்ணிக்கொண்டே தெளிக்கிறார். மோசேயின் காலத்து உடன்படிக்கைப் பெட்டி இரண்டாம் ஆலயத்தில் இல்லை. தரையிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு ஒரு கல் மட்டும் இருந்தது என்கிறது மிஷ்னா. அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் இத்தனை பயபக்தியும்.

அடுத்து இரண்டு வெள்ளாட்டுக்கடாக்கள். நிறத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒத்திருக்க வேண்டும். சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று கர்த்தருக்கு, மற்றொன்று நம் வேதாகமத்தில் போக்காடு எனப்படுவது. கர்த்தருக்கு விழுந்த கடா அறுக்கப்பட்டு, அதன் இரத்தமும் காளையின் இரத்தத்தைப் போலவே உள்ளே கொண்டுபோகப்படுகிறது. தெளிக்கப்படுவது யார்மேல்? மக்கள்மேல் ஒரு துளியும் விழுவதில்லை. கிருபாசனத்தின்மேல், ஆசரிப்புக் கூடாரத்தின்மேல், பலிபீடத்தின்மேல். லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சுத்திகரிக்கப்படுவது அந்த இடம். மக்கள் நடுவே தேவன் குடியிருக்கும் இடம் மக்களின் பாவத்தால் மாசடைகிறது என்பது அந்த நூலின் நம்பிக்கை. விறகடுப்புப் புகை வீட்டுக் கூரையில் கரியாகப் படிவதுபோல, யாரோ எங்கோ செய்த அநியாயம் பரிசுத்த ஸ்தலத்தில் வந்து படிகிறது. படிய விட்டால் தேவன் அங்கே தங்கமாட்டார். அதைக் கழுவத்தான் இரத்தம். ஏனென்றால் 17ஆம் அதிகாரத்தின்படி மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. மரணம் படிந்த இடத்தை உயிர் கழுவுகிறது. யூத அறிஞர் ஜேக்கப் மில்க்ரோம் லேவியராகமத்துக்கு எழுதிய பெரும் விளக்கவுரையில் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். கிறிஸ்தவப் போதகர்கள் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இப்போது இரண்டாவது கடா. இதன் தலைமேல் பிரதான ஆசாரியன் இரண்டு கைகளையும் வைத்து, மக்களின் அக்கிரமங்கள் எல்லாவற்றையும் அறிக்கையிட்டு அதன்மேல் சுமத்துகிறார். அன்றைய சடங்கில் பாவம் சுமத்தப்படுவது இந்த ஒரு விலங்கின்மேல் மட்டுமே. இதை அறுப்பதில்லை. ஓர் ஆள் அதைக் குடியில்லாத தேசத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறான். பிற்காலத்தில் அதை மலைமுகட்டிலிருந்து தள்ளும் வழக்கம் வந்ததை மிஷ்னா சொல்கிறது. ஆனால் லேவியராகமம் அதை உயிரோடுதான் அனுப்பி வைக்கிறது.

ஆகவே சாகும் கடாவின்மேல் பாவம் இல்லை, பாவம் சுமக்கும் கடா சாவதில்லை. நம் பிரசங்க மேடைகளில் இது எப்படி மாறிப்போயிற்று? தேவன் கோபங்கொண்டார், யாரையாவது தண்டித்தாக வேண்டியிருந்தது, மனிதனுக்குப் பதிலாக ஆடு தண்டனையை ஏற்றது, ஆட்டுக்குப் பதிலாக இயேசு ஏற்றார் என்று சொல்கிறோம். ஆடு தண்டிக்கப்பட்டதாக லேவியராகமம் எங்கும் சொல்லவில்லை. பாவநிவாரண பலியின் மாம்சத்தை மகா பரிசுத்தமானது என்கிறது அதே நூல். இரத்தம் உள்ளே கொண்டுபோகப்படாத பலியானால், ஆசாரியன் அதைப் பரிசுத்தமான இடத்தில் சாப்பிட வேண்டும். பாவத்தின் சாபம் ஏறிய இறைச்சி என்றால் அதைப் பரிசுத்தம் என்று சொல்லிச் சாப்பிடச் சொல்வார்களா?

தண்டனைக் கணக்கு வேறு வழியாக வந்தது. 1098இல் முடிந்த நூலில் கேன்டர்பரி பேராயர் அன்செல்ம், மனிதன் தேவனுடைய மகிமைக்குச் செலுத்தத் தவறிய கடனைப் பற்றி எழுதினார். சீர்திருத்தக் காலத்து ஆசிரியர்கள் கடனின் இடத்தில் தண்டனையை வைத்தார்கள். பிறகு அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேவியராகமத்தை வாசித்தோம். நான் ஒன்றை மறைக்க விரும்பவில்லை: நமக்காக ஒருவர் பாடுகளைச் சுமந்தார் என்ற சாட்சி வேதாகமத்தில் ஆழமாகவே இருக்கிறது. அது ஏசாயா 53ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியைப் போல வாய் திறவாத அந்த ஊழியன் ஒரு மனிதன். பேதுருவின் நிருபம் அந்த மனிதனைத்தான் இயேசுவில் காண்கிறது. அதை அங்கிருந்தே பிரசங்கிப்போம். அறுக்கப்பட்ட ஆட்டின்மேல் நாமே ஒரு குற்றப்பத்திரிகையை எழுதி ஒட்ட வேண்டாம்.

பஸ்கா இன்னும் வேறு. எகிப்தில் ஒரு வயது ஆட்டுக்குட்டியைப் பத்தாம் தேதி தெரிந்தெடுத்து, பதினாலாம் தேதி மாலையில் அறுத்து, ஈசோப்புக் கொழுந்துகளால் அதன் இரத்தத்தை வாசல் நிலைக்கால்களில் பூசினார்கள். அதில் பாவம் என்ற பேச்சே இல்லை. அது அடிமைகள் புறப்பட்ட இரவு. யோவான் தம் சுவிசேஷத்தில் பஸ்காவுக்கு ஆயத்தநாளிலேயே இயேசு சிலுவைக்கு ஒப்புவிக்கப்படுவதாகச் சொல்லி, ஈசோப்புத் தண்டையும் முறிக்கப்படாத எலும்பையும் குறிப்பிடுவது இந்த ஆட்டை நினைத்துத்தான். அதே யோவானின் முதல் அதிகாரத்தில் ஸ்நானகன், உலகத்தின் பாவத்தைச் சுமந்து தீர்க்கும் தேவ ஆட்டுக்குட்டி என்று இயேசுவைச் சுட்டுகிறார். பாவத்தைச் சுமந்துபோனது வெள்ளாட்டுக்கடா, விடுதலைக்கு அறுக்கப்பட்டது ஆட்டுக்குட்டி. யோவான் இரண்டையும் ஒருவரில் சேர்க்கிறார். முன்னடையாளம் என்று நாம் சொல்லும் வாசிப்பின் அழகே இங்குதான் இருக்கிறது. எந்த ஒரு பலியும் கிறிஸ்துவுக்குப் போதவில்லை என்பதால்தான் முதல் நூற்றாண்டு விசுவாசிகள் எல்லாப் பலிகளையும் அவரிடம் கொண்டுவந்தார்கள். அவர்களில் முன்னோடிகள் யூதர்கள். இந்தச் சடங்குகளை அறிந்து வளர்ந்தவர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனமில்லை. லேவியராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் ஆடு வாங்க முடியாதவன் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் ஓர் எப்பா மாவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவரலாம். எண்ணெய் வேண்டாம், தூபவர்க்கம் வேண்டாம், இரத்தம் ஒரு சொட்டும் வேண்டாம். அவனுடைய பாவமும் மன்னிக்கப்படும் என்று நியாயப்பிரமாணம் வாக்களிக்கிறது. இரத்தம் இல்லாமல் மன்னிப்பே கிடையாது என்று மேடையில் முழங்குகிறவர்கள், எபிரெயர் நிருபம் அந்த இடத்திலேயே கொஞ்சம் இடம் விட்டுத்தான் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். லேவியராகமத்தின் அடுத்த அதிகாரத்தில் அயலானை ஏமாற்றினவனுக்கு ஒரு சட்டம் வருகிறது. ஏமாற்றிய பொருளைத் திருப்பிக் கொடுத்து, ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுத்துவிட்டு, அதன்பிறகு ஆட்டைக் கொண்டுவரட்டும். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னது இந்தச் சட்டத்தின் நேர்வழியில் வந்தது. லூக்காவின்படி மரியாளும் யோசேப்பும் குழந்தையோடு ஆலயத்துக்குப் போனபோது கொண்டுபோனதும் ஏழைகளுக்கு அனுமதிக்கப்பட்ட அந்தப் பறவைகளைத்தான். பலிகளை நிறைவேற்றினவர் என்று நாம் அறிக்கையிடுகிறவருடைய வீட்டில் ஆட்டுக்குட்டி வாங்கப் பணம் இல்லை.

இனி ஒரு துயரமான பகுதிக்கு வருகிறேன். முதல் தலைமுறையில் பலியும் இயேசுவும் எதிரெதிராக நிற்கவில்லை. பேதுருவும் யோவானும் மாலைப்பலியின் வேளையில் ஆலயத்துக்குப் போனார்கள். பவுல் கடைசி முறை எருசலேமுக்கு வந்தபோது, பொருத்தனை செய்திருந்த நான்கு பேருக்காகச் செலவு செய்து, அவர்களோடு தம்மையும் சுத்திகரித்துக்கொண்டு ஆலயத்துக்குள் போனார். அப்போஸ்தலர் நடபடிகள் இதை ஒளிக்கவில்லை. ஆலயம் விழுந்த பிறகுதான் குரல் மாறுகிறது. பர்னபாவின் நிருபம் என்ற பழைய நூல், சிவப்பு நூல் கட்டிய போக்காட்டில் செவ்வங்கி தரித்த கிறிஸ்துவைப் பார்க்கிறது. ஆனால் இந்தச் சடங்குகளின் அர்த்தம் யூதர்களுக்கு ஒருநாளும் விளங்கவில்லை என்றும் அதே மூச்சில் சொல்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் மார்ட்டர் பஸ்கா ஆட்டைச் சுடும் கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகச் சிலுவை வடிவில் இருந்ததைச் சுட்டிக் காட்டினார். அவராவது டிரிஃபோ என்ற யூதரோடு எதிரே உட்கார்ந்து உரையாடுவதாக எழுதினார்.

அதே நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள சர்தை நகரின் ஆயர் மெலித்தோ பஸ்காவைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கிரேக்க மொழியின் ஓசை அத்தனையும் அதில் ஒலிக்கிறது. ஆபேல், ஈசாக்கு, யோசேப்பு, எகிப்தின் ஆட்டுக்குட்டி என்று ஒவ்வொருவரிலும் பாடுபட்டவர் கிறிஸ்துவே என்று அவர் அடுக்கிப் போகும் இடத்தை வாசிக்கையில் மனம் நிறைகிறது. அவர் ஒரு விளக்கம் சொல்கிறார்: கட்டடம் கட்டுமுன் கைவினைஞன் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ மாதிரி செய்கிறான். கட்டடம் எழுந்த பின் மாதிரியால் பயனில்லை, அதை அழித்துவிடுகிறான். இஸ்ரவேலும் அப்படித்தான் என்கிறார். அங்கிருந்து அவர் எங்கே போய்ச் சேருகிறார் என்று பாருங்கள். உரையின் முடிவில் இஸ்ரவேலைப் பெயர் சொல்லி அழைத்து, நீ தேவனைக் கொன்றாய் என்று குற்றம் சாட்டுகிறார். நமக்குக் கிடைக்கும் நூல்களில் அந்தக் குற்றச்சாட்டை இத்தனை வெளிப்படையாக முதலில் சொல்வது இந்த உரைதான். நெடுங்காலம் மறைந்திருந்த இந்த உரையைப் பாப்பிரஸ் ஏடுகளிலிருந்து கேம்ப்பல் பானர் பதிப்பித்த ஆண்டு 1940. அந்த ஆண்டில் ஐரோப்பாவில் யூதர்கள் என்ன பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதை இந்த அவையில் நான் விவரிக்க வேண்டியதில்லை. அந்தக் குற்றச்சாட்டை யூத மக்கள்மேல் சுமத்தலாகாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியாக 1965இல் அறிக்கையிட்டது. மெலித்தோவுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகள்.

மெலித்தோவின் அழகைச் சொல்லிவிட்டு இந்த முடிவைச் சொல்லாமல் விடும் பிரசங்கிகளை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தவறு அவருடைய கோபத்தில் மட்டும் இல்லை, மாதிரி என்ற எண்ணத்திலேயே இருக்கிறது. அழித்துவிடத் தக்க மாதிரி என்று ஒரு மக்களின் வழிபாட்டைச் சொன்னால், அடுத்ததாக அந்த மக்களையே அப்படிச் சொல்லத் துணிகிறோம். ஆனால் அந்த மக்கள் அழியவில்லை. ஆலயம் எரிந்தபின் ரபி யோகனான் பென் சக்காய் தம்மோடு வந்த சீடர் அழுவதைப் பார்த்து, பலிபீடத்துக்குச் சமமான பாவநிவிர்த்தி ஒன்று நம்மிடம் இன்னும் உண்டு, அது இரக்கச் செயல் என்று ஓசியாவின் வசனத்தைக் காட்டித் தேற்றியதாக யூத மரபு சொல்கிறது. இன்றுவரை பாவநிவிர்த்தி நாளில் ஜெப ஆலயங்களில் அந்தப் பழைய சடங்கை, தெளித்த எண்ணிக்கை உட்பட, படிப்படியாக ஓதி வருகிறார்கள். இயேசுவும் ஓசியாவின் அதே வசனத்தை இருமுறை எடுத்துச் சொன்னதாக மத்தேயு எழுதுகிறார். ஒரே வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மரபுகள் பிழைத்தன.

பலியும் சடங்கும் ஒழிந்துபோக வேண்டிய வெறும் நிழல்தானா என்ற கேள்வி நம் மொழியிலும் கேட்கப்பட்டது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்கத் துணைநின்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். சைவரின் கோயில் கிரியைகளைப் பாதிரிமார் பழித்தபோது, உங்கள் வேதத்திலேயே தேவன் விளக்கையும் தைலத்தையும் தூபத்தையும் பலியையும் ஆசாரியனின் சுத்தத்தையும் விதித்திருக்கிறாரே என்று வசனங்களைக் கொண்டே கேட்டார். அவையெல்லாம் கிறிஸ்துவுக்கு நிழல், கிறிஸ்து வந்ததும் ஒழிந்தன என்பதே பாதிரிமாருக்குப் பழக்கமான விடை. நாவலர் லேவியராகமத்தை அவர்களைவிடக் கருத்தாக வாசித்திருந்தார் என்பது என் எண்ணம். நிழல் என்றால் வெறும் சடங்கு, வெறும் சடங்கு என்றால் இழிவு என்று நம் முன்னோர் சேர்த்துப் பார்த்திருந்ததால்தான் அவருடைய கேள்வி அவர்களை அத்தனை வலுவாகத் தாக்கிற்று. தேவனே விதித்த ஒன்று இழிவாக இருக்க முடியாது. அதே ஆண்டில் ஓவியர் ஹோல்மன் ஹன்ட் சாக்கடல் கரையில் உட்கார்ந்து, கொம்பில் சிவப்புத் துணி கட்டிய போக்காட்டைத் தீட்டிக்கொண்டிருந்தார். உப்பில் கால் புதைந்து தள்ளாடும் அந்த ஆட்டைப் பார்க்கிறவர்களுக்கு, மற்றவர்களின் பாவத்தை ஓர் உயிர்மேல் ஏற்றி அனுப்புவது என்றால் என்னவென்று விளங்கும்.

கடைசியாக எபிரெயர் நிருபத்துக்கு வருகிறேன். நாம் எல்லாரும் தாவிப்போய் நிற்கும் இடம் அது. அதன் ஆசிரியர் போக்காட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய கண் முழுவதும் இரத்தத்தோடு உள்ளே போகும் பிரதான ஆசாரியன்மேல்தான். அவருடைய விளக்கத்தில் இயேசு அறுக்கப்பட்டவர் மட்டும் இல்லை, உள்ளே போனவரும் அவரே. ஆண்டுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நடந்ததை ஒரேதரம் செய்து முடித்தவர். பலியான விலங்கின் உடல் பாளயத்துக்குப் புறம்பே சுட்டெரிக்கப்பட்டதுபோல அவரும் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டார் என்று 13ஆம் அதிகாரம் சொல்கிறது. சொன்ன கையோடு, நாமும் புறம்பே அவரிடத்துக்குப் போவோம் என்கிறது. அந்த நிருபம் காட்டும் இடம் அவமானப்பட்டவர்கள் நிற்கும் இடம். யூதர்களை அவமானப்படுத்த அந்த நிருபத்தைப் பயன்படுத்தினவர்கள் இந்த அதிகாரம்வரை வாசிக்கவில்லை.

மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளில் ஒன்றைப் பேசவிருக்கும் குருமாரிடமும் மாணவர்களிடமும் ஒரு விண்ணப்பம்: இந்த ஆண்டு பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரத்தில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தைச் சபையில் முழுமையாக, கூட்டாமல் குறைக்காமல் வாசியுங்கள். பிறகு எபிரெயர் 9ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அதன் கடைசி வசனத்தில் நிறுத்துங்கள். பிரதான ஆசாரியன் உள்ளே போனதோடு பாவநிவிர்த்தி நாள் முடிவதில்லை. அவர் வெளியே வந்து, பிராகாரத்தில் காத்திருக்கும் மக்கள் அவர் முகத்தைக் காண வேண்டும். எபிரெயர் ஆசிரியர் இதை அறிந்தே, தமக்காகக் காத்திருக்கிறவர்களுக்குக் கிறிஸ்து மறுபடியும் தரிசனமாவார் என்று முடிக்கிறார். அவருடைய கணக்கில் ஆசாரியன் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். எங்களிடம் பொருள் இருக்கிறது, யூதர்களிடம் நிழல் மட்டுமே மிச்சம் என்று பேச அந்த நிருபமே நமக்கு இடம் தரவில்லை. நாமும் அவர்களோடு பிராகாரத்தில்தான் நிற்கிறோம், வாசலைப் பார்த்தபடி.